அப்பாவின் லாரி ஏன் வரவில்லை

அன்புள்ள அரசு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, உன் உடம்பும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இந்த வீட்டில் நலமாக இல்லாதது ஒன்று உண்டென்றால் அது நீ விட்டுப்போன கம்ப்யூட்டர், அப்புறம் அதன் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வீங்கிப்போன என் மண்டை. இந்தக் காலத்தில் யார் கையால் கடிதம் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போன் செய்தால் ஷிப்டில் இருக்கேன்மா என்கிறாய், வாட்ஸப்பில் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அந்தக் கட்டைவிரலை வைத்து நான் என்ன ரசமா வைக்க முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். பெரிசு பண்ணி ஒரு வரி விடாமல் படி. முதலில் சாப்பிட்டுவிடு, பசியோடு படித்தால் பாதியிலேயே கோபம் வந்துவிடும், நீ உங்கப்பா பிள்ளை.

போன வாரம் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். நீ மறந்திருப்பாய், எனக்கு அது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அப்பா லாரி ஓட்ட வந்து எவ்வளவு நாளாச்சு, அவருக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடும்மா, இனிமே ஞாயித்துக்கிழமை நான் இங்க பசங்களோட ஓட்டிக்கிறேன், என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். கேட்டுக்கொள் அரசு. அப்பாவுக்கு இஷ்டம் இல்லாமல் இல்லை. அவர் லாரி வராததற்குக் காரணம் கம்ப்யூட்டரில் லாஞ்சர் என்று ஒரு சனியன், அதற்குத் துணையாக உங்கப்பாவின் பிடிவாதம். நீ வேறு ஆட்களோடு கிளம்பிவிடுவதற்கு முன்னால் இதை உன் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் கை வலிக்க வலிக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இருவர் கதையை உனக்கே சொல்வது வேடிக்கைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாதே. டிப்ளமோ முடித்த நீ அவர் வேலை செய்கிற ஃபேக்டரியிலேயே அப்ரண்டிஸ் பரீட்சை எழுதுவாய் என்று அவர் ஆவடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நீயோ அம்பத்தூரில் போய் ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு வந்து, டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். அன்றைக்கு மூடிய வாயை அவர் நீ கிளம்பும்வரை திறக்கவில்லை. ஏர்போர்ட்டுக்கும் வரவில்லை. ஆனால் உன் பெட்டியைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான், பூட்டுப் போட்ட பெட்டிக்கு மேலே தேவையே இல்லாமல் கயிறு கட்டினதும் அவர்தான். அப்புறம் நீ போன் செய்யும்போதெல்லாம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். காலையில் குளித்தவர் மத்தியானமும் குளித்த நாளெல்லாம் உண்டு. அந்த மனுஷனை உன்னோடு பேச வைத்தது நான் இல்லை, எந்தச் சாமியும் இல்லை, நீ கம்ப்யூட்டரில் ஆடுகிற அந்த லாரி விளையாட்டு. வாரம் முழுக்க ஃபேக்டரியில் கனரக வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்கிறவர், ஒரு நாள் நீ எனக்கு அனுப்பிய வீடியோவை என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, இன்னாது இது, இந்தத் திருப்பத்துல எவனாச்சும் அஞ்சாவது கியர்ல வருவானா, கவுந்துடுவான், என்றார். அதை நான் உன்னிடம் சொன்னேன், நீ அங்கிருந்து ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி அனுப்பினாய், வந்து சேர்ந்த வாரமே கம்ப்யூட்டரில் மாட்டி உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஞாயிறு சாயங்காலமானால் எங்கள் தெருவுக்கே உங்கள் இரண்டு லாரியும் எங்கே போகிறது என்று தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜப்பானுக்கு இங்கிருந்தே குரல் எட்ட வேண்டும் என்கிற மாதிரி கத்துவார். பிரேக்கை மிதிச்சுகினே எறங்காதடா, எஞ்ஜின்ல எறக்கு, என்பார். லோடு வண்டிடா அது, உங்கம்மா ஸ்கூட்டி இல்ல, என்பார். நடுவில் சாப்ட்டியா என்று ஒன்று விழும், அங்க குளுருதா என்று ஒன்று விழும், உடனே மறுபடியும் கியர், மறுபடியும் திருப்பம். ஒரு தடவை நீ தும்மியிருக்கிறாய் போல. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, அவனுக்குச் சளி புடிச்சுகினு கீது, இன்னான்னு கேளு, என்றார். நீ அவர் காதுக்குள்ளேயே இருக்கிறாய், என்னைக் கேட்கச் சொல்கிறார். அதற்கே நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவுதான் உங்கள் பேச்சு, அதுவாவது இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன், அதற்கும் வந்தது வினை.

போன வெயிலில் கரண்ட் விட்டு விட்டு வந்ததில் கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விட்டது, அதுவரை உனக்குத் தெரியும். மார்க்கெட் ரோட்டில் கடை வைத்திருக்கிற கஜபதி புது டிஸ்க் போட்டு, வீட்டுக்கே வந்து விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தான். ஏற்றும்போது, யார் உபயோகிக்கப் போகிறீர்கள், பெயர் என்ன என்று அது கேட்கிறது. கஜபதி இங்கிலீஷில் ஏதோ அடிக்கப் போக, உங்கப்பா அவன் கையைப் பிடித்துவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, பேங்க் ஆகட்டும், ஃபேக்டரி ஆகட்டும், கூரியர்காரன் நீட்டுகிற போன் ஆகட்டும், அவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். பேரு கேட்டா நம்ம எழுத்துலதாம்பா சொல்லணும், நவுரு, என்று அவனை நகர்த்திவிட்டு, தமிழ் கீபோர்டை வரவழைக்கச் சொல்லி, ஒற்றை விரலால் தேடித் தேடி மணவாளன் என்று அடித்தார். கஜபதி, கெத்து சார், என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்தில் நிற்க வைத்துப் படம்கூட எடுத்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று பிடித்தது சனி. விளையாட்டை நேராகத் திறக்க முடியாதாம், அதற்கு முன்னால் இந்த லாஞ்சர், தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரி நிற்கும், அதை முதலில் நிறுவ வேண்டும், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், அப்புறம்தான் நம்மை உள்ளே விடும். நானும் இறக்கினேன். பச்சைப் பட்டை கிடுகிடுவென்று ஓடியது, இதோ முடிந்தது என்கிற இடத்தில் வந்து நின்றது. தயாராகிறது, காத்திருக்கவும் என்றது. காத்திருந்தேன். குழம்பு கொதித்து, இறக்கி, ஆறி, அப்பா சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டார், பட்டை நகரவில்லை. மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. மூடினாலாவது ஒழுங்காக மூடுகிறதா, மேலே மூடிக்கொண்டு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து அங்கே போய்க் கழுத்தைத் திருகினால்தான் சாகிறது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள்டா, லேபில் நின்று உப்பு கண்டுபிடித்தவள், எதையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற என்றார்கள், திறந்தேன். ஆன்டிவைரஸை அணை என்றார்கள், அணைத்தேன். பழைய தற்காலிகக் கோப்புகளை எல்லாம் அழி என்றார்கள், அழித்தேன், அதோடு என் ஊறுகாய் ரெசிப்பியும் போனது, அது வேறு. முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பப் போடு என்றார்கள், எத்தனை முறை போட்டேன் என்று மட்டும் கேட்காதே. யூட்யூபில் ஒரு வடநாட்டுப் பையன் வாயே திறக்காமல் நோட்பேடில் டைப் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுக்கிறான், பின்னால் தலைவலி மியூசிக், அதையும் கடைசிவரை பார்த்தேன். கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் பொறுமைக்கு நன்றி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும், என்று பதில் வந்தது. எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

இதற்கு நடுவில் சென்னீர்குப்பத்திலிருந்து உன் நாகவல்லி அத்தை வந்திறங்கினாள். இன்னாடி ராதிகா, எப்போ வந்தாலும் பொட்டி முன்னாலயே குந்திகினு கீற, சோறு ஆக்குனியா இல்லியா, என்றாள். விஷயத்தைச் சொன்னேன். புள்ள ஸ்டீயரிங் அனுப்பிச்சான்னு எந்தம்பி வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிகினு இருந்தான்ல, கண்ணு பட்டுடுச்சு, எலுமிச்சம் பயம் சுத்திப் போடு, என்றாள். சுற்றிப் போட்டேன் அரசு. பி.எஸ்ஸி. படித்த நான், வாசற்கதவைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றி, எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கினேன். பட்டை அதே இடத்தில் நின்றது. சரி என்று பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கஜபதி கடைக்குப் போனேன், பக்கத்தில் இருந்த அம்மா குழந்தையா என்று எட்டிப் பார்த்தாள். அங்கே என்ன ஆச்சு தெரியுமா, ஓடிற்று! லாஞ்சர் திறந்தது, லாரி உறுமியது. நம்ம கடையில நல்லாத்தான கீது மேடம், உங்க ஊட்டு நெட்டுதான் ப்ராப்ளம், என்றான். வீட்டுக்கு வந்து மாட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. நெட்டுக்காரனைக் கூப்பிட்டேன். அவன் கம்பத்தில் ஏறி இறங்கி, லைனு பக்காவா கீது, உங்க பொட்டிதான் ப்ராப்ளம், என்று போய்விட்டான். அவன் இவனைச் சொல்ல, இவன் அவனைச் சொல்ல, நான் நடுவில் நின்று வியர்த்ததுதான் மிச்சம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் என்னை அறுத்தது. முதல் ஞாயிறு பக்கத்தில் நின்று பார்த்தார். அடுத்த ஞாயிறு ஷேவ் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஓடவில்லை. அதற்கடுத்த வாரம் ஸ்டீயரிங்கின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். என்னங்க என்றேன். அவன் வாங்கிக் குடுத்தது, அவனே பூட்டிகினான், உடு, அவனுக்கும் வேற சோலி இருக்கும்ல, என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ பாஸ்வேர்டை மாற்றி அவரை வெளியே நிறுத்திவிட்டாய் என்று இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார்! ஐயோ அவன் அப்படிச் செய்வானா, நீங்களே கேளுங்கள், என்று போனை நீட்டினால் துண்டைத் தேடுகிறார், துண்டு ஸ்டீயரிங்மேல் இருக்கிறது, வேறு துண்டு எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவர் அங்கே குளிக்க, நீ இங்கே போனில், அப்பாவுக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடும்மா என்கிறாய். ஒருத்தர் கதவைச் சாத்திவிட்டான் என்கிறார், இன்னொருத்தன் கதவைத் தட்டவில்லை என்கிறான். உங்கள் இருவரையும் ஒரே கட்டையில் கட்டி வைத்து மொத்த வேண்டும்போல இருந்தது.

நீ போனில் அப்படிச் சொன்ன மறுநாள்தான் இந்தப் பட்டை ஏன் நிற்கிறது என்று விடை கிடைத்தது. எதிர் ஃப்ளாட்டில் ஸ்வாதி என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், ஐ.டி.யில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள், என்னை ஆன்ட்டி என்கிறாள், நாற்பத்தொன்றுதான் ஆகிறது எனக்கு, இருக்கட்டும். உறை மோர் கேட்டு வந்தவள் நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டை வந்து நிற்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சாம்பல் பெட்டி வரும், நான் ஒவ்வொரு தடவையும் சரி சரி என்று மூடிவிடுவேன், கேஸ் சிலிண்டர் விளம்பரத்தை மூடுவது மாதிரி. ஐயோ ஆன்ட்டி, மூடாதீங்க, அதுலதான சொல்றான், என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இந்த இடத்தில் எழுத முடியவில்லை என்று ஒரு முகவரி போட்டிருந்தது, அந்த முகவரியில் உங்கப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கஜபதி கடையில் அவன் டெஸ்ட் என்று ஒரு பெயரில் நுழைந்துதான் ஓட்டிக் காட்டினான், அதனால் அங்கே ஓடிற்று. இங்கே லாஞ்சர் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்து, இதை யார் அறையில் வைப்பது என்று பார்க்கிறது, அறை வாசலில் மணவாளன் என்று தமிழில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியவில்லை. உள்ளேயும் போகாமல், தெரியவில்லை என்றும் சொல்லாமல், சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறது. உலகமெல்லாம் விற்கிறார்கள், ஒரு பெயரைப் படிக்கத் தெரியவில்லை, அதைச் சொல்லவாவது தெரிய வேண்டாமா?

இதோ முடிந்தது என்று, அப்பா ஃபேக்டரிக்குப் போயிருந்த நேரம் செட்டிங்க்ஸில் போய் அவர் பெயரை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டேன். ஓடவில்லை! ஸ்வாதியைக் கேட்டால், வெளிய போர்டைத்தான் மாத்தியிருக்கீங்க ஆன்ட்டி, உள்ள ஃபோல்டர் பேரு பழசேதான், புதுசா ஒரு யூசர் போடணும், என்கிறாள். அதற்குள் சாயங்காலம் அவர் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டார். யாரைக் கேட்டு மாத்துன, என்றார். விளக்கினேன். என் எழுத்தை பேங்க்காரனே வாயை மூடிகினு வாங்கிகினான், ஒரு லாரி பொம்மைக்குப் புரியலியாமா, அவனைக் கத்துகினு வரச் சொல்லு, என்றார். எவனைங்க, அவன் எந்த ஊரில் இருக்கிறானோ, நான் யாரிடம் போய்ச் சொல்ல, என்றேன். அப்போ வாணாம், பேரை மாத்திகினுதான் உள்ள வரணும்னா அந்த ஊட்டுக்கு நான் வரல, என்றார். எனக்கு வந்த கோபத்தில் தோசைக்கல்லை எண்ணெய் இல்லாமல் காய விட்டுவிட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு அவர் இங்கே உட்கார்ந்திருக்க, நீ அங்கே வேறு யாரோடோ லாரி ஓட்டக் கிளம்பிவிடுவாயே என்றுதான் என் கவலை. நாலைந்து நாள் அந்த அறைப் பக்கமே அவர் போகவில்லை.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் சாப்பாடு போடும்போது மனசு பொறுக்காமல் கொட்டிவிட்டேன். நீ என்னிடம் சொன்னதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவன் பூட்டவும் இல்லை ஒன்றும் இல்லை, நீங்கள்தான் வரவில்லை என்று அவன் நினைக்கிறான், அப்பாவுக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடும்மா என்றான், நாளையிலிருந்து வேறு பையன்களோடு போகிறான், போதுமா, உங்கள் எழுத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்றேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. இஷ்டமில்லன்னா சொன்னான், என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் சாப்பிட்டு முடித்தார், மோர்கூட ஊற்றிக்கொள்ளவில்லை, தட்டைக் கழுவி வைத்தார். அறைக்குள் போய் ஸ்டீயரிங்மேல் இருந்த துண்டை எடுத்து மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. ராதிகா, இந்தப் பொட்டி யாருது, என்றார். அரசுவுது, என்றேன். ஸ்டீயரிங்கு? அதுவும் அவனுது. அப்பறம் இன்னாத்துக்கு என் பேரு, ஓனர் பேர்லதான வண்டி இருக்கணும், நான் ஆக்டிங் டிரைவர், கூப்ட்டா வந்து ஓட்டிட்டுப் போறவன், எழுது அவன் பேரை, என்றார். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். எழுது, அவன் பேரு பிளேன் ஏறுன பேரு, எந்த எழுத்துலயும் போவும், என் பேரு ஆவடியத் தாண்டுனதில்ல, அத்த மட்டும் உட்டுடு, என்றார். சொல்லிவிட்டு ஸ்கூட்டருக்கு டயர் மாற்ற வேண்டும் என்று குமணன்சாவடிக்குக் கிளம்பிவிட்டார். டயருக்கு ஒன்றும் இல்லை அரசு, போன மாசம்தான் மாற்றியது.

அவர் அந்தப் பக்கம் போனதும் உன் பெயரில் புது யூசர் போட்டு, லாஞ்சரை முதலிலிருந்து இறக்க விட்டுவிட்டு, பட்டையைப் பார்த்துக்கொண்டேதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இந்தப் பக்கத்தை எழுதும்போது அது வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், மூச்சைக்கூட விடவில்லை. நின்றது. ஐயோ என்று எழுந்தேன். நகர்ந்துவிட்டது! அப்படியே முழுசும் ஓடி, பட்டையே மறைந்து, உள்ளே விட்டுவிட்டது. அப்பா கடைசியாக நிறுத்திய பெட்ரோல் பங்க்கிலேயே லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, அதெல்லாம் விளையாட்டுக் கம்பெனிக்காரர்களிடமே பத்திரமாக இருந்திருக்கிறது. நான் தெரியாமல் எதையோ தொட ஹாரன் அடித்துவிட்டது, எதிர் ஃப்ளாட்டிலிருந்து ஸ்வாதி கையைத் தட்டினாள். அப்பா இப்போதுதான் வந்தார், செருப்பைக் கழற்றினாரா இல்லையா தெரியாது, நேராக வந்து உட்கார்ந்துவிட்டார். ஓட்டுவார் என்று பார்த்தால் ஓட்டவில்லை, சீட்டை ஏற்றி இறக்கி, ரெண்டு பக்கக் கண்ணாடியையும் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிச் சரி செய்துகொண்டிருக்கிறார். ஓடுகிறதே, எடுங்களேன், என்றேன். அடுத்தவன் வண்டி, ஓனர் வராம எடுக்கலாமா, என்கிறார். முகத்தைப் பார்க்க வேண்டுமே, சிரிப்பை அடக்கிக்கொண்டு ரொம்பக் கண்டிப்பாக வைத்திருக்கிறார்.

இதோ பார், நாளைக்கு அந்தப் பையன்களிடம் என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது, அவர்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள். அப்பா ஓட்ட வந்தால் பெயர் விஷயம், இங்கிலீஷ் விஷயம் எதையும் கிளறாதே, நான் எழுதினதாகவும் காட்டிக்கொள்ளாதே. வழக்கம்போல பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கு, அவர் திட்டட்டும், ரொம்ப நாளாகத் திட்ட ஆளில்லாமல் எனக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது. ஈரத் துணியை அறைக்குள்ளேயே காயப் போடாதே, நெஞ்சில் சளி கட்டும். டப்பா நூடுல்ஸை ராத்திரி சாப்பாடு என்று என்னிடம் சொல்லாதே. அனுப்பிய பருப்புப் பொடியை நெய் இல்லாவிட்டாலும் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு. சனிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை. அந்த மிஷின்கள் பக்கத்தில் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு நிற்காதே, கையுறையைக் கழற்றாதே, உனக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல நான் இல்லையே என்றுதான் ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் போகிறது.

எந்த ஊரில் எந்த எழுத்தில் உன் பெயரை எழுதினாலும் நீ நோய்நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் நடுவில், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். அத்தையும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கடைசியாக ஒன்று, மறக்காதே. அப்பா அறையிலிருந்து இப்போது மூன்றாவது தடவையாகக் கேட்கிறார், நாளிக்கு ஓனர் எத்தினி மணிக்கு வருவாராம், என்று. பதிலை எனக்கு அனுப்பாதே. அவர் நம்பர் உன்னிடம் இருக்கிறது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ராதிகா மணவாளன்
ஆவடி